பற்று எழுதுபவர்

டிமிஷோவாராவில், பேகா கால்வாய்க்குப் பின்தெருவில்,
ஒரு பேக்கரிக்கும் பூட்டிக் கிடக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
எங்கள் கம்பெனி.
ஆள் இரண்டு. இயந்திரம் ஒன்று.

உடல் ஒவிடியு கட்டியது:
உடைந்த பிரிண்டரிலிருந்து கழற்றிய தண்டவாளம்,
நாலு ஸ்டெப்பர் மோட்டார்,
கம்பி ஊட்டும் பற்சக்கரம்.
அதற்குள் ஓடும் கட்டளைகள் என்னுடையவை.
போன மார்ச்சில் விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்திட்டபோது
வீட்டைப் பிரித்தோம், காரைப் பிரித்தோம்,
இதை மட்டும் விட்டுவிட்டோம்.
பிரித்தால் இருவருக்கும் திருகாணிதான் மிஞ்சும்.

அராட் ஊரில் லிஃப்ட் செய்பவர்களுக்கு
வெள்ளிக்கிழமைக்குள் எண்ணூறு பலகை.
மாடி எண்ணை அழுத்தினால் ஒளிருமே, அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது.
ஒன்றுக்கு முப்பத்திரண்டு கால்.
முனை இறங்கும். தொடும். காத்திருக்கும்.
கம்பி நாலு மில்லிமீட்டர் நாக்கை நீட்டும்,
உருகிக் காலைச் சுற்றி ஏறிக்
குட்டி எரிமலையாய் உறையும்.
பிறகு பித்தளைச் சுருளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கால்.
ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம்.
இங்கே இளிக்க நேரமில்லை,
இளிக்க ஈயமும் இல்லை:
வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, துளி செம்பு.

செவ்வாய்க்கிழமை நாலேமுக்காலுக்கு மேல்
செய்ததெல்லாம் கெட்டது.
முதலில் சாம்பல் பூத்த பற்றுகள்,
ஊசியால் நெம்பினால் கழன்று வருபவை.
ஐந்தேகாலுக்கு நேர்மாறு:
பலகை பழுப்பேறி, செம்பு வட்டம்
வெயில்பட்ட தோல்போல உரிந்தது.
“உன் ப்ரோக்ராம்” என்றான்.
“உன் தண்டவாளம்” என்றேன்.
இந்த வசனம் எங்களுக்கு மனப்பாடம்.
புதன்கிழமையும் அதே நேரம், அதே சாம்பல், அதே வசனம்.

அவன் போனபிறகு பதிவுகளை விரித்தேன்.

சூட்டை ஆளும் என் கணக்கில் மூன்று பேர்.
ஒருவர் இந்த நொடியின் குறையை மட்டும் பார்ப்பவர்.
ஒருவர் குறை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று மோப்பம் பிடிப்பவர்.
மூன்றாமவர் பற்று எழுதுபவர்.
ஒவ்வொரு நொடியின் குறையையும் பேரேட்டில் ஏற்றுவார்.
மறதி கிடையாது. தள்ளுபடி கிடையாது.

நாலேமுக்காலுக்குப் பேக்கரியில்
சாயங்கால ரொட்டிக்கு மூன்று அடுப்பு போடுகிறார்கள்.
எங்கள் பழைய வயரில் இருநூற்று முப்பது வோல்ட்
இருநூறுக்கு இறங்குகிறது.
முந்நூற்றைம்பது டிகிரி கேட்டால்
சூடாக்கி மூச்சைப் பிடித்து முந்நூற்றுப் பதினெட்டு தருகிறது.
அதற்கு மேல் அதனிடம் இல்லை.
பற்று எழுதுபவருக்கு அது தெரியாது;
அரைமணி நேரம் எழுதுகிறார்.
அடுப்பு அணைகிறது, வோல்ட் திரும்புகிறது,
கேட்ட முந்நூற்றைம்பதும் வந்துவிட்டது, நிறுத்தலாம்.
ஆனால் பழைய பாக்கி இருக்கிறதே:
முந்நூற்றெண்பது.
நானூற்றுப் பதினொன்று.
யாருக்கும் வேண்டாத சூட்டை
வட்டியோடு வசூலிக்கிறார்.

அந்த வளைகோடு எனக்குப் பழக்கம்.
எங்கள் சமையலறையில் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.
கழுவாத ஒரு காப்பிக் கோப்பைக்கு
ஒன்பது வருடத்தைக் கூட்டிக் கேட்ட குரல்
என்னுடையது.

இரண்டு வரி சேர்த்தேன்.
உன்னால் முடிந்த மட்டும் தந்துகொண்டிருந்தால், பேரேட்டை மூடு.
சூடு வரும்வரை இறங்காதே.

மறுநாள் ஒவிடியு பேக்கரிக்குப் போய்க் கேட்டுப் பார்த்தான்.
அடுப்பைத் தள்ளிப்போட முடியாது, மாவு யாருக்கும் காத்திருக்காது
என்று சொல்லி, எள் தூவிய இரண்டு கொவ்ரிக் வளையங்களைக்
கையில் திணித்தாளாம் ஸ்மராண்டா.

நாலேமுக்கால்.
முனை அந்தரத்தில் நின்றது.
குங்கிலியப் புகையில் ரொட்டி வாசம்.
மீதி நானூற்றுச் சொச்சம் பலகை.
நாங்கள் இருவரும் திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்:
முந்நூற்றுப் பதினெட்டு, பதினெட்டு, பதினேழு.
ஐந்தேகாலுக்கு அது முந்நூற்றைம்பதுக்கு வந்தது,
மூன்று டிகிரி தாண்டியது,
திரும்பி வந்து உட்கார்ந்தது.
முனை இறங்கியது.

“என்ன மாத்தினே?”
“உன் தண்டவாளத்துல ஒண்ணுமில்ல” என்றேன்.
தலையாட்டிவிட்டுக் கொவ்ரிக்கைக் கடித்தான்.
தண்டவாளத்தில் எள் கொட்டியது.
நான் எழுதிக்கொள்ளவில்லை.