ஒன்பது புள்ளி இரண்டு

வலது கால் கட்டைவிரல்
நேற்றிலிருந்து செருப்புக்குள் அடங்கவில்லை.
போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது.
ஜெனரேட்டர் இருமும் இந்த ஆய்வகத்தில்
ஒற்றைக் காலில் நின்றுதான்
நங்கோபியின் ரத்தத்தைச் சாயத்தில் முக்குகிறேன்.

வயது நான்கு. மூன்றாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
அதே கட்டிலில் இன்னொரு பிள்ளையும்.
கமுலியில் மழை நின்று மூன்று வாரம்,
கொசுக்களுக்கு இது அறுவடைக் காலம்.

லென்சின் கீழே
சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாய்.
யார் வீட்டு நிச்சயத்துக்கு இத்தனை?
இருநூறைத் தாண்டியதும்
எண்ணுகிற விரல் ஓய்ந்துபோகிறது.

இந்தக் கிருமிக்குச் சமைக்கத் தெரியாது.
தன் மரபிழை நெய்யத் தேவையான சரக்கில்
ஒரு வகையை
எப்போதும் நம் வீட்டிலிருந்துதான் எடுக்கும்.
தின்ன முடிந்ததற்கும் மேலே
அள்ளி அள்ளிப் பதுக்கும்.
நாற்பத்தெட்டு மணி நேரத்தில்
சிவப்பணு பிளந்து குட்டிகள் வெளியேறும்போது
பதுக்கல் மூட்டையும் அவிழ்ந்து கொட்டும்.
கொட்டியது ரத்தத்தில் யூரிக் அமிலமாகும்,
கரையாதது ஊசி ஊசியாய் நிற்கும்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள்.
இது அதற்கும் மேல்:
உண்டது போக மிஞ்சியதைக் கொண்டே
வீட்டைக் கொளுத்துவது.

இல்லை, தவறாகச் சொல்கிறேன்.
கொளுத்துவது அது அல்ல.
ஊசிகளைக் கண்ட நம் காவல் அணுக்கள்
எங்கோ சாவு விழுந்துவிட்டதென்று
ஊரையே எழுப்பிவிடுகின்றன.
முரசு, தீப்பந்தம், ஓட்டம்.
சொந்த வீடு எது எதிரி வீடு எது
என்று யாரும் பார்ப்பதில்லை.
முறை வைத்து வரும் அந்தக் காய்ச்சலில்
இந்த அமிலத்தின் பங்கு எவ்வளவு?
முழுக் கணக்கு யாரிடமும் இல்லை.
என்னிடம் இருப்பது ஒரு தாள்தான்.
நங்கோபி, யூரிக் அமிலம்,
ஒன்பது புள்ளி இரண்டு.

எனக்கு எட்டு புள்ளி ஒன்று.
அதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

"முகேனே கருவாட்டை நிறுத்து, தென்யுவா"
என்கிறார் டாக்டர் கிருண்டா.
கருவாடு மட்டுமல்ல.
சனிக்கிழமைதோறும் பானையைச் சுற்றி உட்கார்ந்து
நீளக் குழலில் உறிஞ்சிய கேழ்வரகு மதுவும்தான்
அவருக்குத் தெரியாமல் என் விரலில் குத்துகிறது.
நான் தின்றேன், நான் குடித்தேன்.
இவள் என்ன தின்றாள்?
இவளை அல்லவா தின்றார்கள்.

எலிக்கு இதைக் கரைக்கும் நொதி உண்டு.
வாசலில் குரைக்கும் நாய்க்கும் உண்டு.
நமக்கும் இருந்ததாம்.
மனிதராவதற்கு வெகுகாலம் முன்னே
ஏதோ ஒரு கிளையில் தவறவிட்டுவிட்டோமாம்.
அந்தக் குரங்கைக் கூப்பிட்டு
விசாரிக்கவா முடியும்.

தாளைக் கொடுத்தனுப்ப ஆளில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு
நானே நொண்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன்.
நங்கோபியின் கையில் சொட்டும் குளுக்கோஸ்,
உதட்டில் வெள்ளை வெடிப்பு.
அம்மா நைகாகா
கழுத்து அறுத்த தண்ணீர்ப் பாட்டிலை
மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தாள்.
பிள்ளையின் சிறுநீரைச் சிந்தாமல் பிடித்து அளக்கச் சொல்லியிருந்தார்கள்.

என் காலைப் பார்த்தாள்.
"முள்ளா?"
"இல்லை.
உன் மகள் ரத்தத்தில் ஏறியிருக்கும் உப்பு
எனக்கும் ஏறியிருக்கிறது."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"ஆனால் நீ நடக்கிறாயே"
என்றாள்.

பதில் சொல்லாமல்
பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தேன்.
கடுந்தேநீர் நிறம்.
மூன்று விரல் உயரம்.

நேற்று இந்நேரம் ஒன்றரை.