ஒன்பதா, பத்தொன்பதா

நாலு சதவீதம்.
பொழுது சாய்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

போனின் ஓட்டையில் இரண்டு வருஷத்து உப்பு.
காசிமேட்டு ஏலத் தண்ணீர், ஐஸ் கரைசல், இறால் மீசை
எல்லாம் போய் உட்கார்ந்து துருவேறி
எந்தக் கம்பியும் உள்ளே நுழையாது.
அதற்குத்தான் இந்தத் தட்டு,
நாத்தனார் மகன் கப்பலிலிருந்து இறங்கியபோது கொண்டுவந்தது.
மேலே வைத்தால் போதும், எதையும் குத்த வேண்டாம்.
போன வியாழன் கரண்ட் வந்து வந்து போன ராத்திரியில்
அடாப்டர் தும்மல் மாதிரி ஒரு சத்தம் போட்டுச் செத்தது.

நான் எழுதி வைக்கிறவள் இல்லை.
பாக்கியெல்லாம் போனில், என் குரலில்:
"மூலக்கடை மெஸ்ஸு, சங்கரா ரெண்டு கூடை, ஆயிரத்து எழுநூறு நிக்குது."
"கொருக்குப்பேட்டை கோமளா, நெத்திலி. பாதி காசு, பாதி சத்தியம்."
நாற்பத்தோரு குரல்.
போன் அணைந்தால்
ஊரில் ஒருவருக்கும் என்னிடம் கடன் இல்லை.

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ.
தட்டு மடியில், முந்தானையில் சுற்றி.

பர்மா பஜாரில் முதல் கடைப் பையன்
தட்டைப் பார்க்கவே இல்லை.
"அஞ்சு வோல்ட்டுக்கா, எல்லாத்துக்கும் சேரும்."
சொருகினான். சிவப்பு சிமிட்டியது.
மின்னல் படம் வந்தது, போனது, வந்தது.
நாலு மூன்றானது.
அடுத்த கடையில் முள் பெரிசு.
அதற்கடுத்ததில் முள் சரி, ஆள் அவசரக்காரன்;
பன்னிரண்டு வோல்ட்டோடு நெருங்கிய கையைத் தட்டிவிட்டேன்.
ஐஸ் பெட்டி ஃபேன் ஒன்றை
இப்படித்தான் பறிகொடுத்தேன்.
"புதுசு வாங்கிடேன்" என்றவர்களை எண்ணவில்லை.

ஜக்கரியா பாய்தான் தட்டைத் திருப்பிப் பார்த்தார்.
"இன்னாமா, ஜாதகத்தையே காணோம்?"
அடியில் ஒட்டியிருந்த எழுத்தைச் செதிலும் உப்பும் தின்றிருந்தன.
மிச்சம் ஒரு ஒன்பது.
அதற்கு முன்னால் ஒரு கோடு.
கீறலா, ஒன்றா?

"ஒம்போதுன்னா ஒண்ணியும் இல்ல.
பத்தொம்போதுன்னா லேப்டாப்பு சரக்கு.
மாத்திக் குட்த்தா பொகதான்."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
நாலு ஸ்குரூ. உள்ளே செம்புக் கம்பி
ஜாங்கிரியாகச் சுற்றிக் கிடந்தது.
ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு சாமான்,
அதன் தலையில் பதினாறு.
"பதினாறுக்கு மேல இவன் தாங்கமாட்டான்.
அப்போ பத்தொம்போது பொய்."

கோடு, கீறல்தான்.
என் கத்தியாகத்தான் இருக்கும்.

சாக்குப்பையைக் கொட்டித் தேடினார்.
ஐந்து இருந்தது, பன்னிரண்டு இருந்தது,
வால் அறுந்த இருபத்து நாலு இருந்தது.
ஒன்பது இல்லை.
போன் ஒரு முறை அதிர்ந்து இரண்டு என்றது.

பாய் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.
சிவப்பு எண் கடிகாரம், 4:52.
பின்னால் கை விட்டு ஒயரை இழுத்தார்.
மணி மறைந்தது.
மீட்டரில் வைத்தார்: ஒன்பது புள்ளி ஒன்று.
"நடுவுல பிளஸ்ஸு. உன்னுதும் நடுவுல பிளஸ்ஸு."
சொருகினார்.
ஒன்றும் இல்லை.
பிறகு நீலம்.
இரண்டு பேரும் பேசவில்லை,
அது மூன்றாகும்வரை.

"எவ்ளோ?"
"நூத்தம்பது."
"கட்யாரத்துலேர்ந்து புடுங்கனதுக்கா?"
"ஓடின சாமான்மா. ஓடுதுன்னு நீயும் பாத்தே."
நூற்றிருபது கொடுத்தேன்.

ராத்திரி இரண்டரைக்கு எழுந்தபோது
சமையல் மேடையில் நீலம் பச்சையாகியிருந்தது.
தட்டில் லேசான சூடு,
நூறு.
இருட்டிலேயே மூலக்கடையைக் கேட்டேன்.
ஆயிரத்து எழுநூறு, அப்படியே நின்றது.

அடுத்த செவ்வாய் ஐஸ் பெட்டிக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போனேன்.
பாய் கடைக் கடிகாரம் எரிகிறது.
யாருடைய ஒன்பதோ.
மணியை யாரும் திருத்தவில்லை,
சாயங்காலம் ஐந்தரைக்குப்
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

கோமளா பாதியில் பாதி கொடுத்தாள்.
அதையும் சொல்லி வைத்தேன்.