மீன் வடிவக் காந்தம்

ஜனவரி. வில்னியஸுக்கு வடக்கே
பனி அள்ளும் வண்டி போன தடத்திலேயே என் காரும்.
வாசலில் கையெழுத்து, காலுக்கு நீல உறை,
கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி.
ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவள் நான்.
என் வேலை, கதவுகளைத் திறப்பது.

மூன்றாம் எண் எந்திரம்
உருக்குத் தகட்டில் எண் பொறித்துக்கொண்டிருந்தது.
சிவப்பு என்று சொல்லக்கூட அந்த ஒளிக்கு நிறம் கிடையாது.
தகட்டில் ஒரு புள்ளி மட்டும்
மத்தாப்பு முனைபோலப் பொரிந்தது.

கதவைத் திறந்தேன்.

கதவு திறந்தால் ஒளி சாக வேண்டும்,
ஒப்பந்தம் அவ்வளவுதான்.
கண்ணை இமை காக்கும் என்கிறோம்.
வெளிச்சமே தெரியாதபோது எதைக் கண்டு இமைப்பது?
தெரிந்தாலும் இமை,
திருடன் போனபின் நாயை அவிழ்ப்பவன்.
அதனால் இமைக்கு முன்னால் இன்னொரு இமை,
கதவோரம், தீப்பெட்டி அளவில்,
யாரையும் நம்பாமல் உட்கார்ந்திருக்கிறது.

பொரிவது நிற்கவில்லை.

சட்டைப்பையில் கிடந்த டிராலிபஸ் டிக்கெட்டை
இடுக்கியில் பிடித்து நீட்டினேன்.
மூலையில் ஒரு துளை.
ஊசி குத்தியதுபோல அல்ல;
அந்த இடத்தில் எப்போதும் காகிதமே இருந்ததில்லை என்பதுபோல.
புகை வாசனை பிறகுதான் வந்தது.

சிவப்புப் பொத்தானை அறைந்தேன்.
சுவிட்சின் முதுகில், கறுப்பு டேப்புக்கு அடியில்,
நிடா கடற்கரையில் விற்கும் ஃப்ரிட்ஜ் காந்தம்:
புகையிட்ட மீன், ஒற்றைக் கண்,
செதிலில் கோணலாக ஊர்ப் பெயர்.
எட்டு மாதமாக அந்த மீன்
மூடியிருக்கிறது, மூடியிருக்கிறது என்று
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
சுவிட்ச் பாவம், காந்தம் சொன்னால் கேட்கும்.

யார் என்று நான் கேட்கவில்லை.
ஸ்கிர்மந்தஸ் தானாகவே வந்தான், கையுறையைக் கழற்றியபடி.
மன்னிப்புக் கேட்கவில்லை, கணக்குச் சொன்னான்.
கதவைத் திறந்தால் மின்சாரம் மொத்தமும் போகும்.
மறுபடி சூடேற நான்கு நிமிடம்.
ஒரு ஷிஃப்டில் இருபத்திரண்டு முறை தகடு சிக்கும்.
"பெருக்கிப் பாருங்கள்.
மழலையர் பள்ளியை ஆறு மணிக்குப் பூட்டுகிறார்கள்.
என் உர்தே கோட்டை மாட்டிக்கொண்டு நடைவழியில் நிற்பாள்,
பக்கத்தில் ஆசிரியை, கடிகாரத்தைப் பார்த்தபடி."

பெருக்கினேன். எண்பத்தெட்டு.

அறிக்கையில் 'ஊழியரின் அலட்சியம்' என்று ஒரு கட்டம் உண்டு,
டிக் அடித்தால் போதும்.
பேனா அதுவரை போனது. நின்றது.
அலட்சியக்காரன் பெருக்கிப் பார்க்க மாட்டான்.

அடுத்த வாரம் திரும்பிப் போனேன்.
ஒளி புறப்படும் வாயில் நகத்தளவு உலோகத் தகடு,
வில்லோடு கட்டியது.
இனி மின்சாரம் போகாது. கதவு திறந்தால்
அந்த நகம் விழும்;
ஒளி அதன் முதுகில் முட்டிக்கொண்டு காத்திருக்கும்.
மூடினால் மூன்று நொடியில் வேலை தொடரும்.
சுவிட்சையும் மாற்றினேன். புதியது
தன் ஜோடியைத் தவிர வேறு காந்தத்தோடு பேசாது.

மேலாளர் ரொமுவால்தஸ் செலவுத் தாளைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
"அவன் செய்த தப்புக்கு நான் எதற்கு..."
மீதியை அவரே விழுங்கிவிட்டார்.

ஸ்கிர்மந்தஸ் கதவைத் திறந்தான். டக்.
மூடினான். திறந்தான். டக்.
ஏழெட்டு முறை,
சிரிக்காமல், நம்பாமல்,
என்னைப்போலவே.

மீனை எடுத்துவந்துவிட்டேன்.
ஆதாரம் என்று கோப்பில் எழுதியிருக்கிறேன்;
உண்மையில் என் சமையலறையில்
வெப்பக் கட்டண ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
இரவு பாலுக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
விளக்கு எரிந்தது.
ஒரு கணம் கை பின்வாங்கியது.