தத்தும் மணல்

மணல் ஓடுவதில்லை,
முதலில் இதை எழுதிக்கொள் என்றார் பொறியாளர்.
ஓடுவது தண்ணீர்.
மணல் எகிறும், விழும்,
விழுந்த இடத்தில் இன்னொன்றை எழுப்பிவிட்டுக்
கொஞ்சம் படுத்திருக்கும்.
கொஞ்சம் என்றால்
அடுத்தது வந்து இடிக்கும்வரை.

கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால்
அகன்று கிடக்கும் இடத்தில் எங்கள் படகு.
தேசப்பன் அண்ணன் கழி ஊன்றிப் பிடித்திருக்க
நான் ஒலிவாங்கியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன்.
நாள்கூலி எழுநூறு, சாப்பாடு நம்முடையது.
காதில் முதலில் வந்தது
படகின் வயிற்றைத் தட்டும் அலை.
பிறகு எங்கோ தூர்வாரும் கப்பல்,
ராத்திரிப் பல்வலிபோல.
அதற்கும் அடியில்,
அரிசி களையும்போது பாத்திரத்தில் கேட்குமே
அந்தச் சத்தம்.
நொடிக்கு எத்தனை என்று எண்ண வேண்டும்.
நாற்பதுவரை எண்ணினேன்.
மீதியை எண்ணியதாக எழுதினேன்.

வலைப்பையில் சிக்கியது
ஒன்பது கிராம் மணல்,
மட்டிச் சிப்பியில் ஒரு துண்டு,
பாதி கிழிந்த ஷாம்பு பாக்கெட்.

ஒரு மணியின் தாவல்
தன் உடம்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு உயரம்,
அவ்வளவுதான்.
தூரம் மட்டும் பத்து, பதினைந்து உடம்பு.
மேலே வேகம் அதிகம், நீர் பிடித்துத் தள்ளும்.
தள்ளத் தள்ளத் தன் பாரம் ஞாபகம் வந்து
இறங்கிவிடும்.

காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை,
தண்டையார்பேட்டையிலிருந்து காலடிப்பேட்டை,
அங்கிருந்து எர்ணாவூர்.
ஒவ்வொரு முறையும் குட்டியானை வண்டியில்
பீரோ படுத்துக்கொண்டு வரும், டிவி என் மடியில்.
காலடிப்பேட்டையில் பால் காய்ச்சும்போது பார்த்தேன்,
சுவரில் பென்சிலால் ஒரு பிள்ளையின் உயரக்கோடுகள்.
மூன்றாவது கோட்டோடு நின்றிருந்தன.
நாங்கள் ஆயிரம் கூடக் கொடுத்து விழுந்ததில்
எழும்பிப் போனவர்கள்.
நான்காவது கோட்டை எந்தச் சுவரில் போட்டார்களோ.

அனல்மின் நிலையத்துக் குழாயைத் தாண்டியதும்
காது அடைத்ததுபோல் ஆயிற்று.
பேட்டரி போயிற்றா, கயிறு எங்காவது மாட்டியதா.
அண்ணன் கழியை உருவிக் காட்டினார்:
முனையில் ஒரு முழத்துக்குச் சாம்பல்,
விபூதி குழைத்ததுபோல.

அப்பால் இடுப்பளவு தண்ணீரில்
பூங்காவனம் அக்கா.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையால் தடவி எறா பிடிப்பவர்.
பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:
"அங்க இன்னாத்தத் தேடுற? அது துள்ளாது.
சாம்பலு ஒக்காந்துச்சுன்னா ஒக்காந்ததுதான்.
இங்க வா. கால வை."

இறங்கினேன்.
கணுக்காலில் எறும்பு ஊர்ந்ததுபோல.
எறும்புக்கு இவ்வளவு அவசரம் கிடையாது.
மணி மணியாய் வந்து முட்டி
ஒரு கணம் என்மேல் சாய்ந்திருந்து
சுற்றிக்கொண்டு போயிற்று.
குதிகாலின் கீழ் மண் பறிபோக
ஒரு விரற்கடை அமிழ்ந்தேன்.
அக்கா பறியைக் கடித்துக்கொண்டு
மறுபடி குனிந்துவிட்டார்.

படிவத்தில் பதினோராம் கட்டம், படுகை நகர்வு.
குழாயருகே: பூஜ்யம்.
"பூஜ்யம்னா ஆறு அமைதியா கீதுன்னுல்ல நெனச்சிக்குவான்"
என்றார் தேசப்பன் அண்ணன்.
குறிப்புக்கு விட்டிருந்தது ஒரே ஒரு வரி.
எழுதினேன்: இங்கே சத்தம் இல்லை.

சாயங்காலம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
பஸ் பள்ளத்தில் விழுந்து எழ,
முன்னால் நின்றவர் மேல் நான் விழ,
அவர் அடுத்தவர் மேல்.
யாரும் திட்டவில்லை.
செருப்புக்குள் ஒரே ஒரு மணல்
வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது.
எர்ணாவூரில் இறங்கி உதறினேன்.
எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

வீட்டுக்காரர்
எங்கள் வாசலில் நின்றிருந்தார்.