வேலந்தாவளத்தில் பத்து விநாடி

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது
தென்னை முப்பத்தாறும் கணக்காகப் பிரிந்தது.
கிணற்றுக்கு முறை வைத்தார்கள்.
செக்போஸ்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை
பெண்டாட்டிமார் இருவருக்கும் பொது என்று எழுதினார்கள்.
உள்ளே இருந்தது ஒரே கணினி.
அதை எப்படி அளப்பது என்று தெரியாமல்
எட்டிமடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

ஐந்நூறு ஜிபி.
நடுவில் கல் நட்டேன்.
இந்தப் பக்கம் அமலோற்பவத்தின் விண்டோஸ்:
காதுகுத்து அழைப்பிதழ், பட்டா நகல், லாரி பெர்மிட்,
பழைய எழுத்துருவுக்கு மட்டுமே வாய் திறக்கும் பிரிண்டர்.
அந்தப் பக்கம் ஓரகத்தி லிஸ்ஸியின் லினக்ஸ்:
ஸ்கூல் பிள்ளைகளின் ஐ.டி. பாடம், மலையாளத்தில்.
மூன்று வருடம் சண்டை இல்லை.
இருந்தது. கணினியைப் பற்றி இல்லை.

போன வாரம் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
இரவெல்லாம் வட்டம் சுற்றிவிட்டு
விடிந்ததும் ஒண்டிக்கட்டை போல எழுந்து உட்கார்ந்தது.
மெனு இல்லை, கேள்வி இல்லை.
லிஸ்ஸி போனில் ஒரு வரிதான் சொன்னாள்:
"என்டெ பாதி காணானில்ல."

பென்டிரைவைப் பால் கவரில் சுற்றிக்கொண்டு
மழையில் போனேன்.
எஃப் டூவைத் தட்டித் தட்டி உள்ளே நுழைந்தால்
எதுவும் அழிந்திருக்கவில்லை.
வரிசையில் முன்னால் போய் நின்றவர்
பின்னால் நிற்பவரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
லினக்ஸை மேலே ஏற்றினேன்.

இப்போது மெனு வந்தது; அதில் விண்டோஸ் இல்லை.
அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.
பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று
தேடிப் பார்க்கும் வழக்கத்தையே
புதுப் பதிப்பில் நிறுத்திவிட்டார்களாம்.
கோப்பைத் திறந்து
ஒரு வரியின் தலையில் கிடந்த வேலிக்குறியை எடுத்தேன்.
அது தேடிப் போனது.
விண்டோஸைக் கண்டேன் என்று எழுதியது.
அந்த ஒரு வார்த்தைக்கு
எனக்கு முந்நூறு ரூபாய்.

கடிகாரம் வேறு.
லிஸ்ஸி முடித்து அமலோற்பவம் திறந்தால்
காலை ஒன்பது மணி ரசீதில் விடியற்காலம் மூன்றரை.
ஒரே மேசையில் ஐந்தரை மணி நேர வித்தியாசம்.
"பாலம் தாண்டினாலும் மணி ஒண்ணுதானே அண்ணா?"
ஒண்ணுதான் என்று ஒரு கட்டளையில் சொல்லிவைத்தேன்.

பிறகு, கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்:
யாரும் எதையும் தொடாவிட்டால்
பத்து விநாடி கழித்து எது திறக்கட்டும்?

ஒருத்தி மூத்தவள்.
ஒருத்தி கரண்ட் பில் கட்டுகிறவள்.
பத்து விநாடிக்குள்
நகை, நிலம், மாமியாரின் கடைசி ஆஸ்பத்திரிச் செலவு
எல்லாம் வந்து போயின.
கடைசியாகத் திறந்தவரே மறுநாளும் என்று வைத்துவிட்டு
வண்டியை எடுத்தேன்.

நாலாம் நாள் போன்.
சாத்தும் நேரத்தில் இவள் ரீஸ்டார்ட் செய்ய,
அவள் ரீஸ்டார்ட் செய்ய,
மறுபடி இவள்.
ஒன்பதுக்கு இறங்கும் ஷட்டர் பத்தரைக்கு இறங்குகிறது.

எண்ணை அழித்து மைனஸ் ஒன்று என்று எழுதினேன்.
எண்ணாதே என்று அர்த்தம்.
யாராவது விரல் வைக்கும்வரை சும்மா இரு.

மறுநாள் அதிகாலை கரண்ட் போய் வந்திருக்கிறது.
ஷட்டரைத் தூக்கிவிட்டு அமலோற்பவம் டீக்குப் போக
லிஸ்ஸி இன்னும் வந்து சேராத நேரம்.
கறுப்புத் திரை, இரண்டு வெள்ளை வரி.
வைக்கோல் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்த
சங்ககிரி டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்தாராம்.
பின்னால் ஏழு வண்டி ஹாரன்.
ஈரக் கையோடு என்டரை அழுத்தினாராம்.

எது திறந்தது என்று கேட்டேன்.
"பெர்மிட் கிடைச்சுது" என்றாள் லிஸ்ஸி.