திம்மராயனுக்கு, பெங்களூரு பஸ் வருமுன்

சூளகிரி தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டு வரும்.
அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்,
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டின் இந்த இரைச்சலிலேயே.

திரும்பி வரும் டிக்கெட்டை அச்சடித்து வைத்துக்கொள்.
பெட்டி வேறு தேசம் போய்ச் சேர்ந்தாலும்
காகிதம் சட்டைப்பையில் இருக்கட்டும்.
தங்கும் இடத்தின் முகவரியை
அட்டையில் முழுதாக எழுது.
"கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்றால்
அந்த அம்மாள் பேனாவை மூடிவிடுவாள்.
எனக்கு மூடினாள்.

என்ன வேலையாக என்று கேட்பாள்.
மாம்பழக் கூழ் இயந்திரம் என்று சொல்.
பழம் ஏதும் கொண்டுவந்தாயா என்பாள் அடுத்து.
இல்லை என்று நீ சொல்வது
உண்மையாக இருக்கவேண்டும்.
என் கைப்பையில் செந்தூரா கொட்டை ஒன்று,
பெங்களூரில் சப்பி முடித்து
கைக்குட்டையில் சுற்றி மறந்தது.
இரண்டு விரலால் தூக்கிப் போனாள்,
செத்த எலியைப் போல.

வண்டிகள் நம்மைப் போல இடப்பக்கம்தான்.
ஹார்ன் அடித்தால் முறைக்காதே,
அங்கே அது வணக்கம்.
மினி வேனுக்கு நேரம் கிடையாது;
காவேரிப்பட்டணம் ஷேர் ஆட்டோ மாதிரி
நிரம்பினால்தான் நகரும்.
ஏறும்போது குட் மார்னிங் சொல்லு.
சொல்லாமல் உட்கார்ந்தால்
பதினான்கு முகமும் ஜன்னலுக்குத் திரும்பும்.
இறங்கும் இடத்தில் வாய்விட்டுக் கத்தவேண்டும்.
கூச்சப்பட்டு நான்
இரண்டு முறை கடல்வரை போய் வந்தேன்.

டாக்ஸிக்கு மீட்டர் இல்லை.
கதவைத் தொடுமுன் தொகை பேசு.
எந்த டாலர் என்றும் கேள்:
அவர்களுடையது வேறு, அமெரிக்காவுடையது வேறு.
நான் கேட்கவில்லை.

அதற்குத்தான் இந்தக் கவர்.
டெல்ராய் என்று பெயர். நீல வேன், நசுங்கிய கதவு.
விமான நிலையத்துக்கு வெளியே
புளியமரத்தடியில் நிற்பான்.
புளியமரமேதான், தர்மபுரி ரோட்டில் நிற்கிற அதே மரம்.
இருபத்தைந்து என்றான், கொடுத்தேன்.
நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வாசலில் கடைசி அழைப்பு கேட்டுக்கொண்டிருந்தது.
"அடுத்த தடவை, மிஸ்" என்றான்.

அடுத்த தடவைக்கு
கம்பெனி உன்னை அனுப்புகிறது.

மூன்றாவது வால்வு இன்னும் ஒழுகுகிறதாம்.
நான் மாட்டியதுதான். உனக்குச் சொல்லியிருப்பார்கள்.
வாஷரைத் திருப்பிப் போட்டேனோ என்று
ஆறு மாதமாக யோசிக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.
இடப்பக்க ஜன்னல் வேண்டாம், ஓசூர் வரை வெயில்.
பத்து, ஐந்து, ஒன்று.
எண்ணிப் பார்த்துக்கொள்.
கொடுக்கும்போது
இது எந்த டாலர் என்று
அவன் கேட்குமுன் சொல்லிவிடு.