படகு, கடைசி, நிஜமாவே கடைசி

முதலில் ஐம்பது தீவுகள் இருந்தன.
ஐஸ் கம்பெனியின் பழைய பில் புத்தகத்தில்
கார்பன் நீலம் ஊறிய பின்பக்கங்களில்
வரைந்து வைத்திருந்தேன்:
புயலுக்கு ஒரு ராணி,
பேசும் திருக்கை,
எழுநூறு வகை மீன், அததற்கு ஒரு விலை,
விலை ஏறி இறங்க ஓர் ஏலம்.
நாலு வருடமாய்
முதுநகரில் யார் கேட்டாலும்
"ஒரு கேம் பண்றேன்" என்றேன்.
நினைப்பதற்கும் பண்ணுவதற்கும்
என்னிடம் ஒரே வினைச்சொல்தான் இருந்தது.

மடிக்கணினி வந்தது சித்திரையில்,
மாதத் தவணை ஆயிரத்து எழுநூறு.
தடைக்காலம்.
துறைமுகத்தில் விசைப்படகுகள்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடந்தன.
ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்கு வேலையில்லை,
பில் போடும் எனக்கும்.

முதல் இரவு ஒரு பழுப்புச் சதுரம் வரைந்தேன்.
அது படகு.
கீழே ஒரு நீலச் சதுரம்.
அது உப்பனாறு.
ஓட விட்டேன்.
படகு தண்ணீரைத் துளைத்துக் கீழே போயிற்று,
ஆற்றின் அடி, திரையின் அடி, எல்லாம் தாண்டி.
மூலையில் ஓர் எண் மட்டும்
அது இன்னும் விழுகிறது என்றது:
மைனஸ் நாலாயிரம்,
மைனஸ் ஒன்பதாயிரம்.
தண்ணீர் தாங்கும் என்பதைத்
தண்ணீருக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதினொரு இரவுகள்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும்போது
ஜன்னலைச் சாத்திக்கொண்டு
விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியைத் தேடினேன்.
கிடைத்தபோது
சத்தம் போட்டுச் சிரிக்க ஆளில்லை.
கோப்புக்குப் பெயர் வைத்தேன்: படகு.
பிறகு, புதுப்படகு.
பிறகு, படகு கடைசி.
பிறகு, படகு கடைசி நிஜமாவே கடைசி.

தீவுகள் ஒவ்வொன்றாய்ப் போயின.
ராணியை அடித்தேன்.
ஏலத்தையும் எழுநூறு மீனையும்
ஒரே கோட்டில் அடித்தேன்.
திருக்கைக்கு மட்டும் கொஞ்சம் கை நின்றது,
நல்ல வசனம் எழுதியிருந்தேன் அதற்கு.
மிஞ்சியது ஒரு படகு, ஒரு முகத்துவாரம்,
இடம் மாறும் ஒரு மணல்திட்டு.
அலையை எண்ணி, இடைவெளி பார்த்து
வெளியே போக வேண்டும்.
"இதுக்கா நாலு வருஷம்?" என்றாள்
ஜெராக்ஸ் கடை நிலோஃபர்.
இல்லை, இதற்கு நாற்பது நாள்.
நாலு வருடம் அந்த ராணிக்கு.

தேசிங்குவிடம் கொடுத்துப் பார்த்தேன்.
ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி விரல்நுனி மரத்தவர்,
அம்பு விசையை ஆணி மாதிரி அழுத்தினார்.
பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருப்பது
நிரல் எழுதுவதைவிடக் கஷ்டம்.
'இப்போ, இப்போ' என்பதை
மூன்று முறை விழுங்கினேன்.
கவிழ்ந்தார். மறுபடி கவிழ்ந்தார்.
அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே?"
"தண்ணி ஏறட்டும்."
"இதுல தண்ணி ஏறாதுண்ணே."
"ஏன் ஏறாது?"

பதில் இல்லாததால் பில் புத்தகத்தை நீட்டினேன்.
பென்சிலால் எழுதித் தந்தார்
எந்த நாளில் எத்தனை மணிக்கு ஏறும்,
எப்போது இறங்கும் என்று,
ஐம்பது தீவுகளின் மேலேயே.

தடைக்காலத்தின் கடைசி இரவு.
வெளியே டீசல் கேன்கள் உருளும் சத்தம்,
இயந்திரம் பல் கடித்து ஐஸை நொறுக்கத் தொடங்கியிருந்தது.
பில்லுக்கு நாலு பேர் வரிசையில்.
தேசிங்கு கோணிச் சாக்கைத் தோளில் போட்டபடி
நின்றுகொண்டே விளையாடினார்.
காத்திருந்தார்.
நீலச் சதுரம் மெல்ல உயர்ந்தது.
திட்டு மறைந்தது.
படகு அதன் மேலாய்
அடி உரசாமல் போயிற்று, முதல் முறையாக,
முகத்துவாரம் தாண்டி
வலப்பக்க விளிம்பைத் தாண்டி.

திரை முழுக்கக் கறுப்பு.

வரிசையில் நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.
"ஏம்மா, கடல் எங்க?"

"இன்னும் பண்ணல."